பத்தாவது பெயர்

பெப்ரவரி 3, வெள்ளி

சுகாதார அலுவலகத்தில் மாதாந்தக் கூட்டம். மேற்பார்வை சிஸ்டர் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைக் குச்சியால் தட்டினார். எட்டு வாரத்துக்கு முன்பே கர்ப்பிணிகளைப் பதிவு செய்வதில் பன்னிரண்டு மிட்வைஃப்மாரில் நான்தான் கடைசி.

"யோகமலர், உங்க தோட்டத்துல வயிறு தெரிஞ்ச பிறகுதான் உங்களுக்குச் செய்தி வருமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும்.

கர்ப்பச் சோதனைப் பட்டை இருபது கொடுத்தார்கள். கருத்தடை ஊசி இந்த மாதமும் இல்லை. நவம்பரிலிருந்து இல்லை. பஸ்ஸில் இடம் கிடைக்காமல் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வந்தேன்.

பெப்ரவரி 6, திங்கள்

குளியலறைக் குழாய் உடைந்து நாலு நாளாகிறது. நான் இருக்கும் வீடு தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தமானது. ஆணி அடிப்பதென்றாலும் பெரிய கிளாக்கரிடம்தான் சொல்ல வேண்டும். மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன்.

மகள் நிரோஷினி லீவில் வந்திருந்தாள். டவுனில் வங்கியில் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. போன வருடம் கல்யாணமானது, மாப்பிள்ளை கப்பலில். தேநீர்க் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே வைத்துவிட்டாள். என் கண்ணுக்கு அது போதும். பையில் பட்டை இருந்தது. இரண்டு கோடு விழுந்தது.

பதிவேட்டை எடுத்து அங்கேயே எழுதினேன். இந்த வருடத்தின் ஒன்பதாவது பெயர்.

"இப்பவே எழுதணுமா யோகா?" என்று கேட்டார் கிளாக்கரம்மா.

"எவ்வளவு நேரத்தோட எழுதுறமோ அவ்வளவு நல்லதுக்கா" என்றேன்.

நிரோஷினி எழுந்து உள்ளே போனாள். குழாய்க்கு ஆள் அனுப்புவதாகக் கிளாக்கர் சொன்னார்.

பெப்ரவரி 7, செவ்வாய்

தோட்டத்தின் மேற்பகுதியான மேல்கணக்குக்குப் போனேன். டிஸ்பென்சரியிலிருந்து நாற்பது நிமிட ஏற்றம். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான ஐந்தாம் நம்பர் லயத்தின் பின்பக்கத்தில் பரிமளா குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

பரிமளாவுக்கு முப்பத்து மூன்று வயது. கொழுந்து எடுப்பவள். மூன்று பிள்ளைகள்; கடைசிப் பெண்ணுக்குப் பதினொரு மாதம், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறது. கணவன் சந்தனம் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். பொங்கலுக்கு வந்துபோனார்.

"பித்தம் மிஸ். மருந்தடிச்ச மலையில வெறும் வயித்தோட நின்னுட்டேன்" என்றாள்.

பட்டையைக் கொடுத்தேன். இரண்டு கோடு.

"இது பழுதான பட்டையா இருக்கும் மிஸ்."

"பழுது இல்ல."

மடியில் வைத்தே எழுதினேன். பத்தாவது பெயர். ஆறு வாரம். கர்ப்பிணி அட்டையை நிரப்பிக் கொடுத்தேன். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"நவம்பர்ல ரெண்டு தரம் வந்தேன் மிஸ். ஊசி வரலன்னீங்க" என்றாள். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. வந்தது எனக்கும் நினைவிருக்கிறது.

இரண்டு நாளில் இரண்டு பதிவு. இரண்டும் எட்டு வாரத்துக்குள்.

பெப்ரவரி 15, புதன்

கிளினிக். பதினேழு பேர். சத்துமா கொடுக்கும்போது வழக்கமான கூச்சல்.

"மிஸ், நீங்க குடுக்கிற மாவுல எங்க வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டிருச்சு" என்றாள் கீழ்லயத்து ராசம்மா.

"அந்த ஆட்டையும் ஒரு நாள் கூட்டிக்கிட்டு வா, கார்டு போட்டுக் குடுப்போம்" என்றேன். சிரித்து ஓய்ந்தார்கள். ஐந்து பேருக்கு இரத்தம் குறைவு. ஒருத்திக்கு அழுத்தம் கூடுதல். டவுன் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன்.

பரிமளா கடைசியில் வந்தாள். மற்றவர்களை முன்னே விட்டுவிட்டு வாசலிலேயே நின்றிருக்கிறாள். ஏழு வாரம். நிறை நாற்பத்தொரு கிலோ.

"எனக்கு இது வேணாம் மிஸ்" என்றாள்.

நான் கேட்காததுபோல் அழுத்தம் பார்த்தேன்.

"சின்னவ இன்னும் நடக்கல. நான் மலைக்குப் போகாட்டி அடுப்பெரியாது. இது எனக்கு வேணாம். ஒரு வழி சொல்லுங்க."

சட்டம் என்ன என்று சொன்னேன். தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும்தான் இந்த நாட்டில் செய்யலாம், மற்றதெல்லாம் குற்றம், செய்தவருக்கும் செய்துகொண்டவருக்கும் சிறை. இந்த மூன்று வாக்கியத்தையும் பயிற்சிக் காலத்திலிருந்து சொல்லி வருகிறேன். பிறகு இரும்புச் சத்து மாத்திரை முப்பது கொடுத்தேன்.

மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

பெப்ரவரி 16, வியாழன்

குழாயில் தண்ணீர் வருகிறது.

பெப்ரவரி 17, வெள்ளி

பெரிய கிளாக்கர் வீட்டில் தேநீர். கிளாக்கரம்மா நிறையக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். வரும்போது பட்டர் கேக் கட்டிக் கொடுத்தார்.

பெப்ரவரி 21, செவ்வாய்

கிளாக்கரம்மாவும் நிரோஷினியும் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போகிறார்களாம். காலை ஆறு மணிக்குக் கார் டிஸ்பென்சரி வாசலைக் கடந்து போனது.

குழந்தைகளுக்குத் தடுப்பூசி. இருபத்திரண்டு பேர். இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இருந்ததால் திருப்பி அனுப்பினேன்.

பெப்ரவரி 26, ஞாயிறு

பரிமளா வீட்டுக்கே வந்தாள். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். கையில் நான் கொடுத்த அட்டை. மடியாமல் இருக்க பொலித்தீன் உறையில் போட்டிருந்தாள்.

"இத வாங்கிக்கிட்டு என் பேர வெட்டிருங்க மிஸ்."

"அப்படி வெட்ட முடியாது."

"செக்ரோல்ல வெட்டுறாங்களே மிஸ். ஒரு நாள் பிந்திப் போனா கணக்கப்புள்ள பேனாவால ஒரு கோடு இழுக்கிறாரு, பேர் போச்சு. அதே மாதிரி ஒரு கோடு போடுங்க. நான் வேற எதுவும் கேக்கல."

வேலைக்கு வந்தோரின் பெயரை எழுதும் செக்ரோல் அல்ல இது, அரசாங்கப் பதிவேடு, ஒரு முறை எழுதினால் என்ன ஆனது என்று முடிவு எழுத வேண்டும், பிள்ளை பிறந்தது என்றோ கலைந்தது என்றோ, கலைந்தால் ஏன் என்று கேட்பார்கள், அதற்கும் படிவம் இருக்கிறது என்று விளக்கினேன். பொறுமையாகத்தான் சொன்னேன்.

"அப்ப நீங்க எழுதாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது?" என்று கேட்டாள்.

குழந்தை என் வாளித் தண்ணீரைத் தட்டிச் சிரித்தது. அட்டையை நான் வாங்கவில்லை. எட்டு வாரமும் ஐந்து நாளும்.

மார்ச் 3, வெள்ளி

மாதாந்தக் கூட்டம். பன்னிரண்டு பேரில் இப்போது நான் ஏழாவது. சிஸ்டர் கைதட்டச் சொன்னார், தட்டினார்கள்.

மார்ச் 4, சனி

கோயிலுக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். மல்லிகாவிடம் பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார் கிளாக்கரம்மா. விபூதி, குங்குமம், நூல் சேலை ஒன்று. மல்லிகா அவர்கள் சமையலறையில் வேலை செய்பவள்; பரிமளாவின் கணவனுக்குத் தங்கை.

பதிவேட்டில் ஒன்பதாம் இலக்கத்தின் கடைசிக் கட்டத்தில் 'இடம் மாறினார்' என்று எழுதினேன்.

மார்ச் 13, திங்கள்

நாள் முழுக்க மழை. மேல்கணக்குக்குப் போகவில்லை. அறிக்கைகள் எழுதினேன்.

மார்ச் 19, ஞாயிறு

பரிமளா, மூன்றாவது தடவை. இம்முறை குழந்தையைக் கொண்டுவரவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"கிளாக்கர் ஐயா வீட்டுப் புள்ள பேர வெட்டிட்டீங்களாமே மிஸ்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அவங்களுக்குக் கார்டு இல்ல, கிளினிக் இல்ல, ஒன்னும் இல்ல. மல்லிகா பாக்கிறாதானே."

"அவங்க இடம் மாறிட்டாங்க."

"இன்னைக்குக் காலையில அவங்க சட்டைய மல்லிகாதான் துவைச்சுக் காயப்போட்டா" என்றாள். சிரிப்பதுபோல் உதடு இழுபட்டது. "எனக்கு மெட்ராஸ் எல்லாம் வேணாம் மிஸ். அவங்களுக்கு என்னா சொன்னீங்களோ அத எனக்கும் சொல்லுங்க. எங்க போகணும்னாலும் நான் நடந்து போயிக்கிறேன்."

கோபத்தில் சில வார்த்தை சொல்லிவிட்டேன். போய்விட்டாள்.

பதினொரு வாரமும் ஐந்து நாளும். நிறை பார்க்கவில்லை.

மார்ச் 22, புதன்

கிளினிக். பத்தாம் இலக்கம் வரவில்லை. வராதவர்களை ஏழு நாளுக்குள் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும்.

மார்ச் 24, வெள்ளி

மேல்கணக்குக் கணக்கப்பிள்ளையை ரோட்டில் கண்டேன். பரிமளா வேலைக்கு வருகிறாளா என்று கேட்டேன். "நேத்து லீவு கேட்டு டவுனுக்குப் போச்சு. இன்னைக்கு வந்துச்சு. பதினாறு கிலோ எடுத்துச்சு, அரை நாள் பேர்தான் போட்டேன்" என்றார். வேலைக்கு வந்திருக்கிறாள் என்றால் சுகமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

மார்ச் 27, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு மல்லிகா ஓடி வந்தாள். "அண்ணிக்குக் காய்ச்சல் மிஸ். சனிக்கிழமையிலருந்து எந்திரிக்கல. ஒங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிருச்சு."

ஒன்பது ஐம்பதுக்கு லயத்தை அடைந்தேன். கதவைத் திறந்ததுமே வாடை சொல்லிவிட்டது. காய்ச்சல் 103.4. நாடி 132. அழுத்தம் 80/50. கீழே விரித்திருந்த சாக்கு ஊறியிருந்தது. மூத்த மகள் பள்ளிக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைக்கு பிஸ்கட் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பரிமளா என்னைக் கண்டதும் எழ முயன்றாள்.

"தானா வந்திருச்சு மிஸ். பொலிசுக்குச் சொல்லிறாதீங்க. நீங்க சொன்னீங்களே, சொல்லிருவேன்னு. சொல்லிறாதீங்க."

தோட்டத்து அம்புலன்ஸ் டயர் இல்லாமல் கராஜில் நிற்கிறது. கொழுந்து லொறியைக் கேட்டேன். கொழுந்து நிறுத்து முடியும்வரை விட முடியாது என்றார்கள். பெரிய கிளாக்கர் வீட்டு வாசலில் கார் நின்றது. போய்க் கேட்டேன். ரத்தம் படும் என்று கிளாக்கரம்மா சொல்லவில்லை. சாவி ஐயாவிடம் இருக்கிறது, ஐயா தேயிலை ஸ்டோரில் இருக்கிறார் என்றார். பதினொன்றே காலுக்கு லொறி வந்தது. கொழுந்துச் சாக்குகளின் மேல் படுக்க வைத்தோம். மல்லிகா தலையைப் பிடித்துக்கொண்டாள், நான் காலை உயர்த்திப் பிடித்தேன். டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும்.

வழியில் என் பையைத் தொட்டுக் கேட்டாள்: "கார்ட எடுத்துக்கிட்டு வந்துட்டீங்களா?"

"இல்ல" என்றேன். பையில்தான் இருந்தது. அட்டை இல்லாமல் வார்டில் எடுக்க மாட்டார்கள்.

நேராகச் சத்திர சிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். வெளியே வந்தபின் ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் கட்டிலருகே வந்து யார் செய்தது, எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். நான்தான் தமிழில் சொன்னேன். அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பதில் சொன்னாள்: "தானா வந்துச்சு." அதையே சிங்களத்தில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

மார்ச் 28, செவ்வாய்

காலை பத்து நாற்பதுக்குப் பரிமளா இறந்தாள்.

ஏப்ரல் 1, சனி

பிரேத பரிசோதனை முடித்து நேற்று மாலை கொடுத்தார்கள். கருப்பையில் காயம், கிருமி இரத்தத்தில் கலந்தது. டவுனில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் யாரோ ஒருத்தி என்கிறார்கள். பொலிஸ் போனபோது அறை பூட்டியிருந்தது.

இன்று அடக்கம். தோட்டத்தில் சவப்பெட்டிக்குப் பலகை தந்தார்கள். சந்தனம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பெண்கள் பேசினார்கள்.

"ஒருத்திகிட்ட வாயத் தொறந்து சொன்னாளா? கமுக்கமா இருந்து இப்படி மூணையும் அநாதையாக்கிட்டா."

"மிஸ்கிட்டயாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

ராசம்மா இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். மல்லிகா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குழிக்கு மண் போட்டேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

நிரோஷினி வந்தாள். தனியாக வந்தது இதுதான் முதல் தடவை.

"மல்லிகாக்காவோட அண்ணிதானே மிஸ்?"

"ஆமா."

"அவங்களும் உங்ககிட்டக் கேட்டாங்களா?"

தேநீர் போடுகிறேன் என்று எழுந்தேன். அவள் என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள்.

"எனக்கு அங்க ஒரு நாள்தான் மிஸ். கையெழுத்து வாங்கினாங்க. ஒரு நர்ஸ் பக்கத்துல உட்கார்ந்து பெயர் என்ன, எந்த ஊருன்னு பேசிக்கிட்டே இருந்தா. அடுத்த நாள் அம்மாவோட சேலை எடுக்கப் போனேன். களைப்பா இருக்குன்னு கடையில ஒரு ஸ்டூல் போட்டுக் குடுத்தாங்க." அழ ஆரம்பித்தாள். "நான் செஞ்சது பிழையா மிஸ்?"

"இல்ல" என்றேன். "நீங்க செஞ்சதுல பிழை இல்ல."

இதை யாரிடமும் இவ்வளவு தெளிவாக நான் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டிய ஆள் வேறு.

ஏப்ரல் 20, வியாழன்

கடிதம் வந்தது. மே 3, காலை ஒன்பதரை, தாய் மரண மீளாய்வு. எல்லாப் பதிவேடுகளோடும் வர வேண்டும்.

மே 2, செவ்வாய்

பதிவேடுகளை அடுக்கினேன். பதினெட்டு வருடத்தில் என் பகுதியில் நடந்த முதல் தாய் மரணம். கூட்டத்தில் குற்றம் சாட்ட மாட்டார்கள், எங்கே தாமதமானது என்றுதான் பார்ப்பார்கள் என்று சிஸ்டர் தொலைபேசியில் சொன்னார். மூன்று தாமதங்கள்: தாய் உதவி கேட்கப் பிந்தியது, வாகனம் பிந்தியது, ஆஸ்பத்திரி பிந்தியது. ஒவ்வொரு மரணத்தையும் இந்த மூன்றில் ஒன்றில் வைப்பார்கள். "உங்க பக்கம் எல்லாம் சரி. ஆறாம் வாரத்திலேயே பதிவு. மாத்திரை கொடுத்திருக்கீங்க. வராதபோது விசாரிச்சிருக்கீங்க. பயப்பட வேணாம்" என்றார்.

பெப்ரவரி 17 பற்றி நான் இங்கே முழுவதும் எழுதவில்லை. அன்று கிளாக்கரம்மா கதவைச் சாத்திவிட்டு, பிள்ளைக்கு வங்கி வேலை போய்விடும் யோகா, ஒரு வழி சொல்லு என்றார். அந்த மூன்று வாக்கியமும் என் வாயில் வரவில்லை. எத்தனை வாரம் என்று கணக்குப் பார்த்தேன். இந்த நிலையில் சுலபம், பயமில்லை, ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றேன். சென்னையில் சட்டப்படியே செய்வார்கள் என்றேன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பெயரை எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காமல் டொக்டரிடம் ஓட வேண்டும், என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். பரிமளா ஏழாம் வாரத்தில் வாசலில் நின்று கேட்டதற்கு இரண்டு நாளைக்குப் பிறகு இது.

பரிமளாவால் சென்னைக்குப் போயிருக்க முடியாது. ஆனால் காய்ச்சல் வந்தால் ஓடு என்பதைச் சொல்லச் சட்டம் தடை போடவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். நான் அவளுக்குச் சொன்னது பொலிஸ் என்ற சொல்.

மே 3, புதன்

அலுவலகத்தின் மேல்மாடி. மாகாணத்திலிருந்து வந்த விசேட நிபுணர், எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி, டவுன் ஆஸ்பத்திரி டொக்டர், சிஸ்டர், நான். நிபுணர் வயதானவர், மெதுவாகப் பேசினார். பரிமளாவின் பெயரைச் சொல்லவில்லை, தாய் என்றார்.

ஒவ்வொருவராகப் படித்தோம். லொறிக்காகப் போன எண்பத்தைந்து நிமிடத்தைக் குறித்துக்கொண்டார்கள். பதிவேட்டைப் புரட்டும்போது நிபுணரின் விரல் ஒரு வரி மேலே நின்றது.

"ஒன்பதாம் இலக்கம். இடம் மாறினார். புதிய பகுதி மிட்வைஃபுக்கு அறிவித்த கடிதம்?"

"இல்லை டொக்டர். அது என் பிழை."

"எங்கே மாறினார்?"

"அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நிபுணர் என் முகத்தைப் பார்த்தார். பின்பு விரலை எடுத்துப் பக்கத்தை மூடினார். அவருக்கு விளங்கியது என்றுதான் நினைக்கிறேன்.

கடைசிப் பக்கத்தைச் சிஸ்டர் எழுதி வாசித்தார். முதலாம் தாமதம்: தாய். காரணம்: அறியாமை, மறைத்தல், சுகாதார ஊழியரை நாடாமை. எல்லோரும் கையொப்பமிட்டு என் பக்கம் தள்ளினார்கள்.

பேனாவை வாங்கினேன். கையொப்பமிடும் இடத்துக்கு மேலே எழுதினேன்:

'தாய் தாமதிக்கவில்லை. பெப்ரவரி 15, பெப்ரவரி 26, மார்ச் 19 ஆகிய நாட்களில் மூன்று முறை என்னை நாடி வந்தார். முதல் முறை வந்தபோது ஏழு வாரம். நான் திருப்பி அனுப்பினேன். பொலிசுக்குச் சொல்வேன் என்று மூன்றாம் முறை பயமுறுத்தினேன். காய்ச்சல் கண்டபின் அவர் என்னிடம் வராததற்கு அதுவே காரணம். மு. யோகமலர்.'

சிஸ்டர் குனிந்து வாசித்தார். "யோகமலர், இதுக்கு இந்தப் படிவத்துல இடம் இல்ல."

"தெரியும் சிஸ்டர்."

"நீங்க சட்டப்படிதான் நடந்திருக்கீங்க. யாரும் உங்களைக் கேட்கல."

"அவங்க கேட்டாங்க" என்றேன்.

வேறு படிவம் எடுத்து எழுதலாமா என்று சுகாதார வைத்திய அதிகாரி நிபுணரைக் கேட்டார். நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேண்டாம். இதுவே போகட்டும்" என்று தன் கோப்பில் வைத்துக்கொண்டார். எனக்கு விளக்கக் கடிதம் வரும், இடமாற்றமும் வரலாம் என்று சிஸ்டர் படியிறங்கும்போது சொன்னார்.

மே 4, வியாழன்

விடிந்தும் எழ மனமில்லை. எழுந்து தடுப்பூசிப் பெட்டியைக் கழுவினேன்.

மே 10, புதன்

பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் நாள். பதினான்கு பிள்ளைகள். எல்லோரும் போனபின் சந்தனம் வந்தார். தோளில் கடைசிக் குழந்தை யதுஷா. கொழும்பு வேலையை விட்டுவிட்டாராம்; தோட்டத்தில் புல் வெட்டும் வேலை கேட்டிருக்கிறார்.

"ஒன்னு கேக்கணும் மிஸ்" என்றார். "லயத்துல எல்லாரும் அவ யார்கிட்டயும் வாயே தொறக்கலன்னு சொல்றாங்க. அம்மாவும் அதத்தான் சொல்லிச் சொல்லித் திட்டுது. மல்லிகா மட்டும் ஒன்னும் சொல்லாம அழுவுறா. அவ ஒங்ககிட்ட வந்தாளா?"

"வந்தாங்க."

"எத்தன தரம்?"

"மூணு தரம்."

நாட்களைச் சொன்னேன். என்ன கேட்டாள், நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்பதையும் சொன்னேன். மாத்திரையை, அட்டையை, பொலிஸ் என்று சொன்னதை. கிளாக்கர் வீட்டை மட்டும் சொல்லவில்லை. "ஒரு ஆளுக்குச் சொன்னத அவங்களுக்குச் சொல்லல" என்று மட்டும் சொன்னேன். யார் என்று அவர் கேட்கவில்லை. மல்லிகாவின் அண்ணனுக்குத் தெரியாமல் இருக்காது.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

"என்கிட்டப் போன்ல ஒரு தரம்கூட சொல்லல" என்றார். "தெனம் பேசுவோம். புள்ளைங்க சாப்பிட்டுச்சா, மழையான்னு. நான் கலைக்க வேணாம்னு சொல்லிருவேன்னு பயந்திருப்பா. ஒங்ககிட்டக் கேட்டா கெடைக்கும்னு நம்பியிருக்கா."

வெளியே யாரோ கொழுந்துக் கூடையை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. அவர் குழந்தையைத் தோளிலிருந்து எடுத்தார். என்னிடம் தரவில்லை. தானே தராசுத் தொட்டிலில் உட்கார வைத்து, அது நெளியாமல் இருக்க ஒரு விரலைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள விட்டார்.

"பாருங்க மிஸ்" என்றார்.

விரலை எடுக்கச் சொன்னேன். ஏழு கிலோ நானூறு. மார்ச் மாதத்தைவிட அறுநூறு கிராம் குறைவு. அட்டையில் புள்ளி வைத்தேன். மார்ச் புள்ளியிலிருந்து இதற்குக் கோடு இழுத்தேன். கோடு கீழே இறங்கியது. அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.